சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரம்: தெலுக் ஆயரிலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஒரு மாலை நடை

ஊரிலிருந்து அத்தை மாமா வந்தால் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவோம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை முன்னால் நாலு படம், போட் கீ உணவக வரிசையில் விலை கேட்காமல் ஒரு சாப்பாடு, அப்புறம் டாக்ஸி பிடித்து வீடு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதே இடத்தில் நம்மவர்கள் படகு வலித்தார்கள், பாலம் கட்டினார்கள், கடன் கொடுத்தார்கள், தர்காவும் கோயிலும் எழுப்பினார்கள். அந்தத் தடங்கள் இன்றும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இடுப்புயரத்தில், கல்லிலும் வெண்கலத்திலும் இருப்பவை. கோபுரக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பவர் கண்ணில் படுவதில்லை.

கீழே சொல்லும் வழி ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். நின்று பார்த்து, தேநீர் குடித்து, மெதுவாக நடந்தால் ஐந்து மணி நேரம் ஆகும். ஏற்றம் எதுவும் இல்லை. எழுபது வயதுக்காரரும் நடக்கலாம், இடையில் உட்கார நிறைய இடம் உண்டு.

எப்போது கிளம்புவது

வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்குத் தெலுக் ஆயர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இருங்கள். இதற்கு மூன்று காரணங்கள். நாகூர் தர்காவின் மரபுடைமை நிலையம் மாலையில் சீக்கிரமே சாத்தப்படும், அதனால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும். எம்பிரஸ் பிளேஸில் உள்ள கல்தூணின் தமிழ் எழுத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் படிக்க முடியும், ஆகவே 6.15க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். கடைசியாக, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 6 மணிக்குத்தான் திறக்கும். பிற்பகலில் முதலில் கோயிலுக்குப் போகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வாடிக்கையாக நடக்கிறது. கோயிலைக் கடைசியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் 6.50க்கும் 7.20க்கும் இடையில் மறைகிறது. நவம்பரில் சற்று முன்னதாக, பிப்ரவரியில் சற்றுத் தாமதமாக. 4.30க்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் நிழல் ராஃபிள்ஸ் பிளேஸை மூடிவிடும், அதற்குப் பிறகு வெயில் பெரிதாக வாட்டாது.

நாள் எது என்று கேட்டால் வெள்ளிக்கிழமை என்போம். ஆசிய நாகரிக அரும்பொருளகம் மற்ற நாட்களில் இரவு 7 வரை, வெள்ளியன்று மட்டும் 9 வரை. ஜும்ஆ தொழுகைக் கூட்டமும் 3 மணிக்குள் கலைந்திருக்கும். ஞாயிறு வேண்டாம்: நிதி வட்டாரத்தில் பாதிச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், தெருவும் வெறிச்சோடிக் கிடக்கும்.

தவிர்க்க வேண்டிய காலமும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தின் தடம் ஆண்டர்சன் பாலத்தின் மேலேயே போகிறது. பந்தயத்துக்குப் பல நாள் முன்பே தடுப்புகளும் வேலிகளும் வந்துவிடும், நடைவழிகள் சுற்றிப்போகும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் தேசிய தின ஒத்திகைகளுக்காகச் சாலைகளை மூடுவதுண்டு. தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு வரும் தீமிதி நாளில் சவுத் பிரிட்ஜ் ரோடு முழுக்கப் பக்தர் கூட்டம். அதைப் பார்க்கவே போவதென்றால் அது வேறு திட்டம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

குடை கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை திடீரென்று கொட்டும், முக்கால் மணி நேரத்தில் விட்டுவிடும். மின்னல் இருக்கும்போது பாலத்தின் மேலோ திறந்த கரையிலோ நிற்க வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். தர்கா, பள்ளிவாசல், கோயில் மூன்றிலும் செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால், எளிதில் கழற்றி மாட்டும் காலணியும் அதைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பையும் இருந்தால் நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பெண்கள் ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் மூன்று இடத்துக்கும் பயன்படும்.

ஊரிலிருந்து வந்தவர் தம் வங்கி அட்டையையே எம்ஆர்டி கதவில் தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் நிர்வாகக் கட்டணம் சேரும். நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு ஒரு இஸி-லிங்க் பயண அட்டை வாங்கிக் கொடுப்பது லாபம்.

தெலுக் ஆயர்: பழைய கடற்கரை

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கூட வந்தவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இந்தத் தெருதான் ஒருகாலத்தில் கடற்கரை. 1879இல் தொடங்கிய மண் நிரப்பும் பணி கடலைத் தள்ளிக்கொண்டே போனது. தெருவின் ஒரு பக்கம் பழைய வழிபாட்டுத் தலங்கள் வரிசையாக நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். கடல் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள், இறங்கிய இடத்திலேயே நன்றி சொல்லக் கட்டியவை இவை.

முதலில் வருவது நாகூர் தர்கா, பூன் தாட் ஸ்திரீட் மூலையில். 1828க்கும் 1830க்கும் இடையில் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது அவர்களின் நினைவாக எழுந்தது. அவர் உடல் அடங்கியிருப்பது நாகூரில்தான், இது நினைவிடம். 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகிறது. உள்ளே நுழையும் முன் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று முகப்பைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்களும் வளைவுகளும், மேலே சின்னச் சின்ன மாடங்களும் துளையிட்ட கைப்பிடிச் சுவர்களும், இரு மூலையிலும் குட்டி மினாராக்கள். கிட்டே போனால் இந்த அடுக்கு தெரியாது.

அதே வரிசையில் தியான் ஹொக் கெங் சீனக் கோயில், 1839 முதல் 1842 வரை கட்டப்பட்டது. அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் கூரையோடு இருந்ததால் குச்சுப் பள்ளி என்று பெயர், இன்றுள்ள கட்டடம் 1850களில் எழுந்தது. அகலம் குறைந்த கட்டடம், கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். தொழுகை நேரமாக இருந்தால் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நடக்கும்போது, கடைவீடுகளின் முன்னால் கூரையின் கீழ் ஓடும் ஐந்தடிப் பாதையில் கவனம் தேவை. ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் தரைமட்டம் மாறும், நடுவில் ஒற்றைப் படி ஏறும், இறங்கும். தடுமாறி விழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் திறந்த நடைபாதைக்கு வந்துவிடுங்கள்.

லாவ் பா சாட்டும் சாப்பாட்டுக் கணக்கும்

தர்கா மூலைக்குத் திரும்பி, பூன் தாட் ஸ்திரீட்டில் இறங்கி, ராபின்சன் ரோட்டைக் கடந்தால் எண்கோண வடிவில் லாவ் பா சாட். பழைய தெலுக் ஆயர் சந்தை இதுதான். இன்றைய வார்ப்பிரும்புக் கூடம் 1894இல், கடலாக இருந்து நிலமாக்கப்பட்ட மண்ணில் எழுந்தது. இரும்பு வேலைப்பாடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்தது. 1980களில் கீழே எம்ஆர்டி தோண்டியபோது முழுவதையும் கழற்றி வைத்துப் பிறகு மாட்டினார்கள். கூரையின் கீழ் விளிம்பில் ஓடும் இரும்புப் பூவேலையை அருகில் நின்று பாருங்கள்.

இங்கே தே தாரிக்கோ கோப்பியோ குடித்து அரை மணி நேரம் கால் நீட்டலாம். பகல் 12 முதல் 2 வரை அலுவலகக் கூட்டம் நெருக்கும், 4 மணிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். மேசையில் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை முன்பே சொல்லிவைக்கவும், இல்லாவிட்டால் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைப்பது சட்டப்படி கட்டாயம்.

சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) வேண்டுமென்றால், வேலை நாளில் மாலை 7 மணிக்கு மேல்தான் பூன் தாட் ஸ்திரீட்டை மூடி அடுப்பு மூட்டுவார்கள். இந்தத் திட்டத்தில் அந்த நேரம் ஆற்றங்கரையில் இருப்பீர்கள், ஆகவே அது இன்னொரு நாளைக்கு.

மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட்

கிராஸ் ஸ்திரீட்டைத் தாண்டி ராஃபிள்ஸ் பிளேஸ் நோக்கி நடங்கள், மார்க்கெட் ஸ்திரீட் வழியாக. பார்க்க இங்கே பழையது எதுவும் மிச்சமில்லை, கண்ணாடிக் கோபுரங்கள்தான். ஆனாலும் இந்தத் தெருவை விட்டுவிடக் கூடாது. நகரத்தார்களின் கிட்டங்கிகள் இங்கேதான் இருந்தன. நீளமான கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு தாழ்ந்த மேசைப்பெட்டி, ஒரு பெட்டகம். ஒரே கூரையின் கீழ் பல லேவாதேவிக்காரர்கள் தனித்தனிக் கணக்கோடு உட்கார்ந்திருப்பார்கள், மாடியிலேயே சாப்பாடு, படுக்கை. வங்கிகள் கைகொடுக்காத சிறு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கிடைத்த இடம். 1970களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பில் இடிக்கப்பட்டன. அதே நிலத்தில் இன்று வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் நிற்பதைச் சுட்டிக்காட்டுங்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

அடுத்து சூலியா ஸ்திரீட். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்புக்கு ஆற்றின் தென்பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றும் தொங்காங் படகுத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலும் இவர்கள் கையில் இருந்தது, பின்னர் சீனப் படகோட்டிகளிடம் போனது.

ராஃபிள்ஸ் பிளேஸ் வந்ததும் தரைவழியே சாலையைக் கடக்க முயல வேண்டாம். சேஞ்ச் ஆலி வழியாக மேலேறினால் காலியர் கீ சாலைக்கு மேலே குளிரூட்டிய மேம்பாலம் இருக்கிறது, மறுமுனையில் கிளிஃபர்ட் பியர் பக்கம் இறங்கலாம். மழை பிடித்துக்கொண்டாலும் இங்கே நனையாமல் நிற்கலாம். 5.30க்கு மேல் அலுவலகம் விட்ட கூட்டம் எதிரே வரும், அதற்குள் கடந்துவிடுவது நல்லது.

கிளிஃபர்ட் பியரும் மெர்லயனும்

கிளிஃபர்ட் பியர் 1933இல் திறந்த படகுத்துறை. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகில் இங்கே வந்து படியேறுவார்கள். 2006இல் மூடி, படகுப் போக்குவரத்தை மரினா சவுத்துக்கு மாற்றினார்கள். இப்போது ஒரு ஹோட்டலின் பகுதி. கூரையைத் தாங்கும் கான்கிரீட் வளைவுகளை வாசலில் நின்றே பார்க்கலாம், சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை.

கடல் பக்கமாகவே ஐந்து நிமிடம் நடந்தால் மெர்லயன். 1972 முதல் ஆற்று முகத்துவாரத்தில் நின்றது, 8.6 மீட்டர் உயரம். 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைத்ததால் 2002இல் இன்றைய இடத்துக்கு நகர்த்தினார்கள். சிலை கிழக்கு பார்த்தது. அதனால் முகத்தில் நல்ல ஒளி விழுவது காலையில். மாலையில் படம் எடுத்தால் முகம் கறுத்துத்தான் வரும், அப்போது பக்கவாட்டில் நின்று எடுக்கவும், அல்லது விளக்கு போடும்வரை பொறுக்கவும். முகம் முழுதாக வேண்டும் என்பவர்கள் ஜூபிலி பாலத்தின் மேலிருந்து எடுக்கலாம். அவ்வப்போது பராமரிப்புக்காகத் தட்டி வைத்து மூடிவிடுவார்கள். மெர்லயனுக்காகவே வருபவர் என்றால் கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளவும்.

இருபது நிமிடத்துக்கு மேல் இங்கே நிற்க வேண்டாம். வெளிச்சம் குறைகிறது, முக்கியமானது இன்னும் வரவில்லை.

ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்குச் சாலையின் கீழே சுரங்க நடைவழி உண்டு. 1928இல் கட்டி முடித்த இக்கட்டடம் பல பத்தாண்டுகள் தலைமை அஞ்சலகம். ஊருக்குப் பணமும் கடிதமும் அனுப்பிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரிந்த கட்டடம். 2001 முதல் ஹோட்டல். உள்ளே சிறு மரபுடைமைக் கூடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கழிப்பறை தேவைப்படுகிறவர்கள் மெர்லயன் பக்கத்துக் கடைத்தொகுதியிலேயே முடித்துக்கொள்ளவும், அடுத்து வசதியான இடம் அரும்பொருளகம்தான்.

ஆற்றின் வாயில் முன்பு ஒரு பெரும் மணற்கல் நின்றது. யாராலும் படிக்க முடியாத எழுத்துகள் அதில் பொறித்திருந்தன. 1843இல் கட்டுமானப் பணிக்காக வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2019இல் ஓர் ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று படிக்கலாம், அது சோழ மன்னர்களின் பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். உறுதியான முடிவு இன்னும் இல்லை. இன்னொரு நாள் அந்தத் துண்டை நேரில் போய்ப் பாருங்கள்.

கேவனா பாலம்

1869இல் முடிந்த தொங்குபாலம். இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, உழைப்பு இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளுடையது. எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தையும் அவர்கள்தான் கட்டினார்கள். கூட வருபவர்களுக்கு இதைச் சொல்லாமல் பாலத்தைக் கடக்காதீர்கள்.

பாலத்தில் ஏறும் இடத்தில் பழைய காவல்துறை அறிவிப்பு ஒன்று உண்டு: சுமையோடு 3 ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும் மாடு குதிரைகளும் போகக் கூடாது. ஊர் வளர்ந்து போக்குவரத்தைப் பாலம் தாங்கவில்லை. அதோடு இன்னொரு சிக்கல்: பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது, நீர் ஏறும் வேளையில் படகுகள் அடியில் நுழைய முடியாமல் வற்றும்வரை காத்துக் கிடந்தன. இதனால்தான் 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது. இன்று அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடியாது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் ஆறு நன்னீர்த் தேக்கமாகிவிட்டது, நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லை. 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் துப்புரவும், 1983இல் தொங்காங்குகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டதும் அதற்கு முந்திய கதை.

பாலத்தின் ஃபுல்லர்ட்டன் பக்கத்தில் ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்களின் வெண்கலச் சிலை, 2000ஆம் ஆண்டு நிறுவியது. பிள்ளைகள் அதனோடு சேர்ந்து குதிப்பதுபோல் படம் எடுக்க ஓடுவார்கள். அங்கே கரையில் தடுப்பு இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எம்பிரஸ் பிளேஸ்: தமிழைத் தேடிப் படிக்கும் இடம்

பாலத்தைக் கடந்ததும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை, வருகையாளர்களுக்கு உண்டு. உள்ளே போவதென்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் பீங்கான் சரக்கு ஒன்றே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே மாலையில் நடையும் அரும்பொருளகமும் என்று திணிக்காதீர்கள், இரண்டுமே கெட்டுவிடும்.

முன்வெளியில் நிற்கும் கூர்முனைக் கல்தூண்தான் நாம் 6.15க்குள் வந்து சேரச் சொன்ன இடம். இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி 1850 பிப்ரவரியில் வந்துபோனதன் நினைவாக எழுப்பியது. பலமுறை இடம் மாறியது. அடிப்பீடத்தைச் சுற்றி வாருங்கள். ஆங்கிலம், சீனம், ஜாவி என்னும் அரபு வரிவடிவில் மலாய், நாலாவது பக்கம் தமிழ். கட்டுப்பாடற்ற வணிகத்தின் நன்மையை அவர் ஒப்புக்கொண்டார் என்பது செய்தி. ஆள்கிறவர் வந்துபோன செய்தியைத் தமிழிலும் பொறிக்க வேண்டிய அளவுக்கு அன்றே இங்கே தமிழர் இருந்தார்கள், படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியமும் எழுத்தமைப்பும் பழைய பாணி, முதல் வாசிப்பில் தடுக்கும், இரண்டாவது முறை புரியும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது எழுத்தின் பள்ளம் நிழல் கொடுத்துத் தெளிவாகத் தெரியும். இருட்டியபின் கைபேசி விளக்கைப் பிடிப்பதென்றால் நேராகப் பிடிக்காமல் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடிக்கவும்.

ஆற்றோரம் திரும்பினால் செட்டியார்களிலிருந்து இன்றைய நிதித் துறையினர் வரை காட்டும் வெண்கலச் சிற்பத் தொகுதி, 2002இல் வைத்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் பார்க்கக் கிடைக்காததை இங்கே உருவமாகக் காணலாம்.

இன்னும் கொஞ்சம் மேற்கே, இங்கே பிரிட்டிஷ் வணிகத் தளத்தை நிறுவிய ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை. பீடத்தின் நாலு பக்கமும் நாலு மொழி, தமிழும் உண்டு. ராஃபிள்ஸ் 1819 ஜனவரி 28 அன்று இங்கே இறங்கினார் என்று அது சொல்கிறது. அதே ஆண்டு மே மாதம் அவர் மறுபடி வந்தபோது இண்டியானா கப்பலில் பினாங்கிலிருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே முதல் செங்கல் சூளையைத் தொடங்கியவர். 2019 ஜனவரியில் இருநூறாம் ஆண்டை ஒட்டி, இதே இடத்தில் ராஃபிள்ஸுக்கு அருகில் நாராயண பிள்ளைக்கும் தற்காலிகமாகச் சிலை வைத்தார்கள்.

எதிர்க்கரையில் வளைந்து கிடக்கும் கடைவீட்டு வரிசைதான் போட் கீ. முழு வளைவும் தெரிவது இங்கிருந்துதான். மாலையில் வெயில் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வருவதால் ஓட்டுக்கூரைகள் சோபையிழந்து தெரியும். 7.15க்கு மேல் விளக்குகள் ஏறியபின், அல்லது வேறொரு நாள் காலையில் படம் எடுங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் ஒரு சிறு சுற்று: ஆண்டர்சன் பாலத்தருகே எஸ்பிளனேட் பூங்காவுக்குள் போனால் போர் நினைவுத்தூண், அதை ஒட்டி இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தின் குறிப்புப் பலகை. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார், திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். இன்றுள்ள பலகை 1995இல் வைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர் மிகுதி. உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்திருந்தால் இதற்காக நேரம் ஒதுக்குங்கள். போகவர இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

படகும் போட் கீ சாப்பாடும்

பம்போட் என்னும் படகில் சவாரி நாற்பது நிமிடம், பெரியவருக்கு 25 வெள்ளிக்கு மேல். கிளார்க் கீ, போட் கீ, மெர்லயன் பக்கம் ஏறலாம். நடந்து பார்த்த இடங்களையே நீரிலிருந்து பார்ப்பீர்கள். முழங்கால் வலிக்காரர் இருந்தால் நடைக்குப் பதிலாக இதை எடுக்கலாம். இருட்டியபின் ஏறுங்கள், கூரையில்லாத பின்பகுதியில் உட்காருங்கள். உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடியில் விளக்குகள் பிரதிபலித்து வெளியே எதுவும் தெரியாது.

போட் கீயில் ஆற்றைப் பார்த்துச் சாப்பிட ஆசைப்பட்டால் மூன்றைக் கேட்டுவிட்டு உட்காரவும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி 23.98 ஆகும். நண்டு, மீன் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. சமைக்கும் முன் எடை போட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். மேசையில் வைக்கும் கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் காசு உண்டா என்று கேளுங்கள், வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் நின்று கூப்பிடுகிறவர் சொல்லும் தள்ளுபடியை ரசீதில் காட்டச் சொல்வதில் தவறில்லை.

எல்ஜின் பாலத்திலிருந்து கோயிலுக்கு

ராஃபிள்ஸ் சிலையிலிருந்து ஆற்றோரமாகவே மேற்கே போனால் எல்ஜின் பாலம். இன்றைய கான்கிரீட் பாலம் 1929இல் வந்தது. இதற்கு வடக்கே போவது நார்த் பிரிட்ஜ் ரோடு, தெற்கே போவது சவுத் பிரிட்ஜ் ரோடு. தெற்கே திரும்பி நேராகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் போதும், எங்கும் திரும்ப வேண்டாம்.

முதலில் வருவது ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 218ஆம் எண். 1826இல் நிறுவி, 1830களின் முற்பாதியில் இன்றைய கட்டடம் எழுந்தது. இரண்டு எண்கோண மினாராக்களுக்கு நடுவே வாசல். தெரு நேராக ஓட, உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் கிப்லா (மக்காவின் திசை) நோக்கிச் சாய்வாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்து 244ஆம் எண், மாரியம்மன் கோயில். நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயரில்தான் இடம் கொடுத்தார்கள். பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கிடைக்காததால் அது சரிப்படவில்லை. 1823இல் இந்த இடம் கிடைத்து, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கோயில் எழுந்தது.  கடைசிக் குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12இல் நடந்தது, கோபுரச் சுதைகளின் வண்ணம் இன்னும் பளிச்சென்றிருக்கிறது. இரவு 9க்கு நடை சாத்துவார்கள், 8.30க்குள் உள்ளே இருங்கள். கருவறைப் பக்கம் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளவும்.

தரிசனம் முடிந்து பசித்தால் இந்தப் பகுதியில் சைவ உணவு தேடி அலைய வேண்டாம். பகோடா ஸ்திரீட் வழியே நடந்தால் சைனாடவுன் எம்ஆர்டி நிலையம். ஊதாத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். தேக்கா ஈரச்சந்தை உணவங்காடியில் அந்த நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், ரேஸ் கோர்ஸ் ரோடு, சிராங்கூன் ரோடு பக்கத்து உணவகங்களுக்குப் போங்கள்.